கை ஓடிய வழியில் ஓர் அச்செழுத்து

1500ஆம் ஆண்டு வெனிஸ் நகரில், சியன்னாவின் புனித கத்தரீன் எழுதிய கடிதங்கள் ஒரு கனத்த நூலாக அச்சேறின. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரு மரச்செதுக்குப் படம். புனிதையின் ஒரு கையில் விரித்த புத்தகம். மறு கையில் ஓர் இதயம். புத்தகத்திலும் இதயத்திலும் இயேசுவின் பெயரைச் சொல்லும் சில சொற்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. நூலின் மற்றப் பக்கங்களில் எழுத்துகள் நிமிர்ந்து நிற்க, இந்தச் சொற்கள் மட்டும் வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து நெருங்கி ஓடுகின்றன. இத்தாலிக் என்று இன்று உலகம் அழைக்கும் அச்செழுத்து முதன்முதலாகக் காகிதத்தில் பதிந்தது அங்கேதான்.

நூலை அச்சிட்டவர் ஆல்டஸ் மனூத்தியஸ். கிரேக்கமும் லத்தீனும் கற்பித்துக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர். நாற்பது வயதை ஒட்டி வெனிஸுக்கு வந்து அச்சுத்தொழிலில் இறங்கியவர். எழுத்தை எஃகில் வெட்டித் தந்தவர் பொலோஞாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ. மறு ஆண்டு, 1501 ஏப்ரலில், இருவரும் சேர்ந்து அந்த எழுத்திலேயே ஒரு முழு நூலை வெளியிட்டார்கள். ரோமானியக் கவி வர்ஜிலின் படைப்புகள்: முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை சாய்வெழுத்து.

இன்று இத்தாலிக் என்றால் ஒரு சொல்லை அழுத்திக் காட்டவோ, நூலின் பெயரைத் தனித்துக் காட்டவோ இடையில் வந்து போகும் எழுத்து. பிறந்தபோது அது அப்படி இல்லை. யாருக்கும் துணையாக வராமல், ஒரு காவியத்தைத் தானே தாங்கி நின்ற எழுத்து அது. அதன் அழகைச் சாய்வில் தேடுகிறவர்கள் பாதியைத்தான் காண்கிறார்கள். வேகமாக எழுதும் ஒரு கையின் ஓட்டம் அதற்குள் இருக்கிறது. அந்த ஓட்டத்தை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் எடுத்துக்கொண்ட முயற்சிகள் ஐந்நூறு ஆண்டுகளில் பல நடந்தன. அநேகமாக ஒன்றும் உருப்படவில்லை.

அந்தக் கை யாருடையது என்று பார்க்க, வெனிஸிலிருந்து எழுபது எண்பது ஆண்டுகள் பின்னே ஃபிளாரன்ஸுக்குப் போக வேண்டும். அங்கே பழைய லத்தீன் சுவடிகளைத் தேடிப் பிடித்துப் படியெடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட அறிஞர் கூட்டம் ஒன்று இருந்தது. கோதிக் எழுத்தின் முட்களும் நெரிசலும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மடங்களில் கிடைத்த ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுச் சுவடிகளின் உருண்ட, தெளிந்த எழுத்தை அவர்கள் மீட்டெடுத்தார்கள். போஜ்ஜோ பிராச்சியோலினி அதை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக எழுதினார். இன்றைய நேரான ரோமன் எழுத்தின் மூதாதை அது. அவருடைய நண்பர் நிக்கோலோ நிக்கோலிக்கு அவசரம் அதிகம். 1437இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற நூல்கள் எண்ணூறு அளவில் இருந்தன. அவற்றில் பல அவரே படியெடுத்தவை. எழுதுகோலை அடிக்கடி தூக்காமல், எழுத்துகளை ஒடுக்கி, சற்றே சாய்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துக்கொண்டே போனார். லுக்ரீஷியஸின் நெடுங்கவிதையை அவர் படியெடுத்த சுவடி இன்றும் ஃபிளாரன்ஸின் லாரன்சியன் நூலகத்தில் இருக்கிறது.

வேகத்துக்காகப் பிறந்த இந்தக் கையெழுத்து, பிறகு அழகுக்காகவே பயிலப்பட்டது. போப்பின் செயலகத்து எழுத்தர்கள் அதைக் கடிதங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். பாதுவா நகரத்து பார்த்தொலோமியோ சான்வீத்தோ, கன்றின் தோலைப் பதப்படுத்திய மெல்லிய ஏடுகளில் இதே எழுத்தில் சின்னஞ்சிறு நூல்களை எழுதிப் பிரபுக்களுக்குக் கொடுத்தார். கிரிஃபோ வெட்டிய அச்செழுத்துக்கு சான்வீத்தோவின் கையே மாதிரி என்று எழுத்து வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அந்தக் கருத்து எளிதில் பிடிபடும்.

கையெழுத்தில் இயல்பாக வரும் ஓட்டத்தை உலோகத்தில் கொண்டுவருவது வேறு வகைக் கஷ்டம். எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதன் பெயர் பஞ்ச். எஃகைச் சுட்டுக் கடினமாக்கிச் செம்புத் துண்டில் அடித்தால், எழுத்தின் வடிவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அச்சுக்கூட்டில் பொருத்தி, ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு செவ்வகக் கட்டையின் தலையில் நிற்கும். கட்டை செவ்வகம், எழுத்தோ சாய்வு. சாயும் எழுத்தின் தலையோ வாலோ கட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளப் பார்க்கும். அப்படி நீளும் பகுதிக்கு கெர்ன் என்று பெயர். அச்சுக்கோர்ப்பவர் கைதவறினாலோ, அச்சு இயந்திரம் கொஞ்சம் அழுத்தினாலோ அது முறிந்துவிடும்.

கிரிஃபோ இதைச் சமாளித்த விதத்தில் அவருடைய மேதைமை தெரிகிறது. சாய்வை மிகக் குறைவாக வைத்தார். சேர்ந்து வரும் எழுத்துகளை ஒரே கட்டையில் இரட்டையாகவும் மூன்றாகவும் வெட்டினார். கையெழுத்தில் இணைந்து ஓடும் எழுத்துகள் அச்சிலும் இணைந்தே ஓடின. பெரிய எழுத்துகளை மட்டும் சாய்க்கவே இல்லை. அவை குள்ளமாக, நேராக, ரோமானியக் கல்வெட்டில் உள்ளதுபோல நின்றன. ஒவ்வொரு கவிதை வரியின் தொடக்கத்திலும் ஒரு நேரான பெரிய எழுத்து, பிறகு சிறு இடைவெளி, பிறகு சாய்ந்தோடும் வரி. சான்வீத்தோ போன்றவர்கள் சுவடிகளில் செய்துவந்ததும் இதுதான். இடப்பக்கம் பெரிய எழுத்துகள் ஒரு தூண் வரிசையாக இறங்கும் அந்தப் பக்கத்தின் ஒழுங்கை, பின்னாளில் பெரிய எழுத்துகளையும் சாய்த்தவர்களால் எட்டவே முடியவில்லை.

வர்ஜில் நூலின் முகப்பில் ஆல்டஸ் மூன்று வரிப் பாராட்டு ஒன்றை அச்சிட்டார். கிரேக்கப் புராணத்து மாபெரும் கைவினைஞன் டெடாலஸின் கையோடு கிரிஃபோவின் கையை ஒப்பிட்டது அது. எழுத்து வெட்டுகிறவரின் பெயர் ஒரு புத்தகத்தில் வருவதே அந்தக் காலத்தில் அபூர்வம்.

ஆல்டஸ் இந்த எழுத்தைக் கொண்டு செய்தது எழுத்தைவிடப் பெரிய காரியம். அதுவரை ஒரு பழைய கவியைப் படிக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் மேசையில் கிடத்திப் புரட்ட வேண்டிய பெரிய நூலைத்தான் தேட வேண்டும். நடுவில் ஒரு துளி மூலம், நான்கு பக்கமும் உரைகாரர்களின் கூட்டம். ஆல்டஸ் உரைகளைத் தூக்கி எறிந்தார். மூலத்தை மட்டும் எடுத்து, தாளை மூன்று முறை மடித்துக் கிடைக்கும் ஆக்டேவோ என்ற கையடக்க அளவில் அச்சிட்டார். வர்ஜிலுக்குப் பின் அதே 1501இல் ஹொரேஸ், பெட்ரார்க், ஜுவெனால், மார்ஷியல், 1502இல் தாந்தே. பயணத்திலும், தூதுப் பணியிலும், தோட்டத்திலும் உடன் வரக்கூடிய புத்தகங்கள். இந்த அளவை எங்கிருந்து எடுத்தார் என்பதை 1514இல் வெளியிட்ட மற்றொரு வர்ஜில் பதிப்பின் சமர்ப்பணத்தில் அவரே சொல்கிறார்: நண்பர் பியெத்ரோ பெம்போவின் தந்தை வைத்திருந்த சிறிய சுவடிகளிலிருந்து.

காகிதத்தை மிச்சப்படுத்திப் புத்தகத்தை ஏழைக்கும் எட்டச் செய்யவே ஆல்டஸ் இத்தாலிக்கை உருவாக்கினார் என்ற கதை பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒடுங்கிய எழுத்து என்பது உண்மை. ஆனால், செய்யுள் வரி எங்கே முடிய வேண்டுமோ அங்கேதான் முடியும். எழுத்தை நெருக்கினால் பக்கம் குறைந்துவிடாது. ஆல்டஸின் புத்தகங்கள் மலிவாகவும் இல்லை. மான்டுவாவின் சீமாட்டி இசபெல்லா தெஸ்தே 1501இலேயே தன் ஆளுக்கு எழுதி, ஆல்டஸின் கையடக்க நூல்களைத் தோல் ஏட்டில் அச்சிட்ட படிகளாகக் கேட்டு வாங்கினார். 1505இல் ஆல்டஸ் அனுப்பிய நூல்களை, விலை அதிகம் என்று திருப்பி அனுப்பியவரும் அவரே. பிரபுக்கள் கையால் எழுதி வைத்துக்கொண்ட சிறிய, அந்தரங்கமான நூலின் அழகை அச்சுக்குக் கொண்டுவந்ததுதான் ஆல்டஸின் சாதனை.

அந்தப் புகழ் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு தாமஸ் மோர் ஒரு சாட்சி. அவருடைய கற்பனைத் தீவான யுட்டோப்பியாவுக்குப் பயணி கொண்டுபோகும் புத்தகங்களில், ஆல்டஸின் சிற்றெழுத்தில் அச்சான கிரேக்க நாடகங்களும் உண்டு. நூல் வெளிவந்த ஆண்டு 1516. ஆல்டஸ் இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

புகழோடு திருட்டும் வந்தது. வெனிஸ் ஆட்சிமன்றம் 1502 நவம்பரில் ஆல்டஸின் எழுத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. போப்பும் அதை ஆதரித்தார். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் பிரான்ஸின் லியோன் நகரில் அந்த உரிமைக்கு மதிப்பில்லை. அங்குள்ள அச்சகத்தார் அதே அளவு, அதே சாய்வெழுத்து, அதே கவிகள் என்று அச்சிட்டார்கள். அச்சகத்தின் பெயரோ ஊரோ போடவில்லை. பொறுக்க முடியாமல் ஆல்டஸ் 1503 மார்ச் 16 அன்று ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். லியோன் பதிப்புகளின் காகிதம் மட்டம், அதில் நாற்றம், எழுத்துகள் இணைவதில்லை என்று சொல்லி, அவற்றில் உள்ள பிழைகளையும் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தங்கள் அடுத்த பதிப்பில் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

காப்புரிமை ஆவணத்தில் கிரிஃபோவின் பெயர் இல்லை. எழுத்தை வெட்டியவருக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்பதே அதன் பொருள். இன்றுவரை மனம் ஆறாத அநீதி இது. கிரிஃபோ வெனிஸை விட்டு ஃபானோவில் இருந்த யூத அச்சாளர் ஜெர்ஷோம் சொன்சினோவிடம் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் புதிதாக ஒரு இத்தாலிக் வெட்டினார். 1503இல் வந்த பெட்ரார்க் நூலின் சமர்ப்பணத்தில், ஆல்டஸ் பயன்படுத்தும் எழுத்துகள் எல்லாமே கிரிஃபோ வெட்டியவைதாம் என்று சொன்சினோ உலகறியச் சொன்னார். 1516இல் கிரிஃபோ சொந்த ஊரான பொலோஞாவுக்குத் திரும்பி, தானே அச்சகம் வைத்தார். இன்னும் பொடியாக ஒரு இத்தாலிக் வெட்டி, உள்ளங்கையில் அடங்கும் நூல்களை வெளியிட்டார். தன் எழுத்தால் ஆல்டஸுக்குச் செல்வமும் அழியாப் பெயரும் கிடைத்தன என்ற ஆதங்கம் அவற்றின் முன்னுரையில் இருக்கிறது. 1518இல் ஒரு சண்டையில் இரும்புக் கம்பியால் மருமகனைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு வந்தது. அதன்பின் ஆவணங்களில் அவர் பெயர் இல்லை. நேரெழுத்து, சாய்வெழுத்து இரண்டையும் ஐரோப்பாவுக்கு வடிவமைத்துக் கொடுத்த மனிதரின் கதை அங்கே அறுந்துபோகிறது.

ஆல்டஸின் எழுத்து ஒடுங்கிய, சுறுசுறுப்பான எழுத்து. நேர்த்தி என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள இத்தாலிக் ரோமில் பிறந்தது. லுதோவிகோ தெல்யி அர்ரிகி என்பவர் போப்பின் செயலகத்து எழுத்தர். அந்தக் கையெழுத்தைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க 1522 என்று ஆண்டிட்டு ஒரு சிறு கையேடு தயாரித்தார். ‘லா ஓப்பெரினா’ என்று பெயர். அவர் எழுதிய பக்கங்களை உகோ தா கார்ப்பி அப்படியே மரத்தில் செதுக்கினார். எழுதுகோலை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்தெந்த எழுத்து எந்த ஒரே கீற்றில் தொடங்குகிறது என்று படிப்படியாகச் சொல்லும் பாடநூல் அது. 1524இல் அவர் அச்சாளராகவும் ஆனார். பொற்கொல்லர் லாவுத்தீசியோ பஞ்ச் வெட்டினார். அந்த எழுத்தில் மேலே உயரும் கோடுகள் நீண்டு, நுனியில் வலப்புறம் வளைந்து முடிகின்றன. வரிகளுக்கு இடையே தாராளமான வெளி. கிரிஃபோவின் பக்கம் நெருங்கிப் பேசுகிறது என்றால், அர்ரிகியின் பக்கம் மூச்சு விட்டுப் பேசுகிறது. கவிஞர் த்ரிஸ்ஸினோவின் ‘சொஃபோனிஸ்பா’ நாடகம் அதில் அச்சானது. இத்தாலிய உயிரொலிகளை வேறுபடுத்திக் காட்ட த்ரிஸ்ஸினோ விரும்பிய கிரேக்க எழுத்துகளையும் அர்ரிகி சேர்த்துக் கொடுத்தார்.

1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. அர்ரிகியைப் பற்றிய செய்தி அதோடு நின்றுபோகிறது. அவருடைய எழுத்தின் வழிவந்த இத்தாலிக் அதே ஊரில் அந்தோனியோ பிளாதோவின் அச்சகத்தில் தொடர்ந்தது. மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ 1532இல் முதன்முதலாக அச்சேறியது பிளாதோவிடம்தான்; எழுத்து இத்தாலிக்.

இந்தக் கட்டத்துக்குப் பின் மையம் பிரான்ஸுக்கு நகர்கிறது. பாரிஸில் சிமோன் தெ கொலின், லியோனில் செபஸ்தியான் கிரிஃபியஸ் என்று பலர் கையடக்க லத்தீன் நூல்களை இத்தாலிக்கில் குவித்தார்கள். 1550களில் ரொபேர் கிரான்ஜோன் வந்தார். பாரிஸில் பிறந்து, லியோன், ஆன்ட்வெர்ப் என்று அலைந்து, கடைசியில் ரோமில் மெடிச்சி அச்சகத்துக்கு அரபு எழுத்து வெட்டியவர். அவருடைய இத்தாலிக்குகளில் சாய்வு கூடியது. பெரிய எழுத்துகளும் சாய்ந்தன. வால்களும் கொடிகளும் துள்ளின. அவர் வெட்டிய எஃகுப் பஞ்சுகள் ஆன்ட்வெர்ப்பில் பிளான்டின் அச்சகம் இருந்த அதே கட்டடத்தில், இப்போது பிளான்டின்-மொரீட்டஸ் அருங்காட்சியகத்தில், பத்திரமாக இருக்கின்றன.

கிரான்ஜோன் காலத்தில்தான் இத்தாலிக்கின் நிலை மாறியது. நேரெழுத்தோடு ஒரே உயரத்தில், ஒரே கனத்தில், ஒரே வரியில் பொருந்தும்படி அது வெட்டப்பட்டது. நூல் முழுக்க நேரெழுத்து. முன்னுரையும் சமர்ப்பணமும் மேற்கோளும் செய்யுளும் இத்தாலிக். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இத்தாலிக் தன் ராஜ்யத்தை இழந்தது. அதற்கு ஈடாக அதற்குக் கிடைத்தது ஒரு வேலை: ஒரே பக்கத்தில் இரண்டாவது குரலாகப் பேசுவது.

அந்த வேலையைத் துல்லியமாகச் செய்த நூல்களில் ஒன்று 1560ஆம் ஆண்டின் ஜெனீவா பைபிள். எபிரேய, கிரேக்க மூலத்தில் இல்லாத, ஆங்கில வாக்கியம் நிறைவதற்காக மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த சொற்கள் அதில் இத்தாலிக்கில் உள்ளன. எது இறைவார்த்தை, எது எங்கள் சேர்க்கை என்று எழுத்தின் வடிவத்தாலேயே கணக்கு ஒப்படைத்த நேர்மை அது. 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெரும் தொகுப்பில் பேசுகிறவர் பெயர், மேடைக் குறிப்பு, பாட்டு, கடிதம், உரையாடலுக்குள் வரும் ஆட்பெயர் எல்லாம் இத்தாலிக். நடிகர்கள் பேசும் வரி ஒரு பக்கம், நாடகத்தை நடத்தும் வரி மறு பக்கம் என்று கண் தானே பிரித்துக்கொள்கிறது. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயர் கொடுத்தபோது, இனத்தைச் சுட்டும் சொல்லை ஓரத்தில் இத்தாலிக்கில் அச்சிட்டார். வேம்பின் அறிவியல் பெயரைத் தாவரவியல் மாணவர் இன்றும் சாய்வெழுத்தில் எழுதாவிட்டால் ஆசிரியர் அடிக்கோடிடச் சொல்வார். கணிதத்தில் அறியாத எண்ணைக் குறிக்கும் எழுத்து, இசைத்தாளில் மெதுவாக வாசி, உரக்க வாசி என்ற குறிப்பு, கப்பல்களின் பெயர், நீதிமன்ற வழக்குகளின் பெயர் என்று அதன் பணிகள் பெருகின.

பிறமொழிச் சொல்லுக்கு இத்தாலிக் என்ற வழக்கமும் அப்படித்தான் வந்தது. ஆங்கில நாவலில் சாம்பாரும் அம்மாவும் சாய்ந்து நிற்பதைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஆங்கிலத்தில் எழுதும் இந்திய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் இப்போது அதற்கு இணங்குவதில்லை. தங்கள் வீட்டுச் சொல்லை அயல்சொல்லாகச் சாய்த்துக் காட்ட மாட்டோம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் நியாயமானது.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு அரசவை அறிஞர்கள் மன்னரின் அச்சகத்துக்காகப் புது எழுத்து வரைந்தபோது, சதுரக் கட்டங்களின்மேல் நேரெழுத்தையும், சாய்த்த கட்டங்களின்மேல் இத்தாலிக்கையும் கணக்குப் போட்டு வரைந்தார்கள். கட்டத்தைச் சாய்த்தால் இத்தாலிக் கிடைத்துவிடும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. எஃகில் வெட்டிய பிலிப் கிரான்ஜான் தன் கண் சொன்னதையும் கேட்டதால் எழுத்து பிழைத்தது.

அதே எண்ணத்தைக் கொள்கையாகவே முன்வைத்தவர் ஸ்டான்லி மோரிசன். இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர். இருபதாம் நூற்றாண்டு அச்சுக்கலையில் அவரைவிடச் செல்வாக்குள்ளவர் அரிது. 1926இல் ‘தி ஃபிளூரான்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: இத்தாலிக்குக்கு இப்போது துணை வேலைதான், ஆகவே அது கையெழுத்தின் குணங்களைக் கைவிட்டு, நேரெழுத்தின் சாய்ந்த வடிவமாக இருப்பதே சரி. தர்க்கம் கச்சிதம். எரிக் கில் வடிவமைத்த பெர்பெச்சுவா எழுத்தில் அதைச் சோதித்தார்கள். வந்த எழுத்து விறைத்து நின்றது. மோனோடைப்பிலேயே எதிர்ப்பு எழ, கையெழுத்தின் வளைவுகள் சிலவற்றைத் திரும்பச் சேர்த்துத்தான் வெளியிட முடிந்தது. டச்சு வடிவமைப்பாளர் யான் வான் கிரிம்பனும் ரோமுலஸ் எழுத்தில் இதே கொள்கையைப் பின்பற்றினார். அதுவும் பெரிதாக எடுபடவில்லை. மோரிசன் பொறுப்பில் பின்னர் வந்த டைம்ஸ் நியூ ரோமனின் இத்தாலிக் பழைய வழியிலேயே போனது.

ஏன் எடுபடவில்லை என்பதை எழுத்துகளை உற்றுப் பார்த்தால் புரியும். நேரெழுத்தில் ஆங்கிலத்தின் சின்ன ‘ஏ’ இரண்டு மாடி கட்டி நிற்கும். இத்தாலிக்கில் ஒரே வளையம். ‘எஃப்’ நேரெழுத்தில் வரிக்கோட்டோடு நிற்கும். இத்தாலிக்கில் கோட்டுக்குக் கீழே இறங்கி வளையும். நேரெழுத்தின் கால்களில் இருபுறமும் நீளும் தட்டையான செரிஃப் பாதங்கள், இத்தாலிக்கில் எழுதுகோல் உள்ளே நுழையும் கீற்றாகவும் வெளியேறும் கீற்றாகவும் மாறிவிடுகின்றன. ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததை நோக்கிக் கை நீட்டுவது அந்தக் கீற்றால்தான். நேரெழுத்தைச் சாய்த்தால் பாதமும் சேர்ந்து சாயும், கீற்று பிறக்காது.

அதே காலத்தில் அர்ரிகியிடம் திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அமெரிக்கர் ஃபிரெடெரிக் வார்ட், 1925இல் அர்ரிகியின் எழுத்தை மாதிரியாகக் கொண்டு ஒரு இத்தாலிக் வரைந்து, பாரிஸில் கையால் பஞ்ச் வெட்டவைத்தார். பின்னர் அது புரூஸ் ரோஜர்ஸின் சென்டார் எழுத்துக்கு இணையான இத்தாலிக்காக மோனோடைப்பில் சேர்ந்தது. ஆங்கிலக் கையெழுத்துக் கலைஞர் ஆல்ஃபிரெட் ஃபேர்பேங்க் 1928இல் வரைந்த ஒடுக்கமான இத்தாலிக்குக்கு நேர்ந்தது கவனிக்கத் தக்கது. பெம்போ என்ற எழுத்துக்குத் துணையாக வரைந்தார்; அழகும் தன்மையும் கூடிப்போய்ப் பக்கத்தில் இருப்பதை அமுக்கிவிடுகிறது என்று அதை ஒதுக்கி, வேறு அடக்கமான இத்தாலிக்கைச் சேர்த்தார்கள். ஃபேர்பேங்கின் எழுத்து தனியே விற்பனைக்கு வந்தது. கவிதை நூல்களுக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்து சிலவே இருக்கும்.

இயந்திரங்களும் இத்தாலிக்கைப் பாடுபடுத்தின. செய்தித்தாள் அச்சை ஆண்ட லைனோடைப்பில் ஒரே அச்சுவார்ப்பில் நேரெழுத்தும் அதற்கான இத்தாலிக்கும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் அகலம் ஒன்றே. இயல்பில் ஒடுங்கிய இத்தாலிக் வலிந்து விரிக்கப்பட்டது. கெர்னுக்கு இடமில்லாததால் ‘எஃப்’ தலையும் வாலும் குறுக்கப்பட்டு நின்றது. யான் சிஹோல்ட் 1967இல் வெளியிட்ட சபோன் எழுத்து லைனோடைப், மோனோடைப், கையச்சு மூன்றிலும் ஒரேபோல் வர வேண்டும் என்ற கட்டாயத்தோடு வரையப்பட்டது. அதன் இத்தாலிக் அகலமாக இருப்பதன் காரணம் அதுவே.

கணினிக்கு இத்தாலிக் வந்த பாதையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ரீட் கல்லூரி இருக்கிறது. லாயிட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் அங்கே இருபது ஆண்டுகள் அர்ரிகி வழிவந்த கையெழுத்தைக் கற்பித்தார். அவருக்குப் பின் முன்னாள் துறவி ராபர்ட் பல்லாதீனோ கற்பித்தார். படிப்பை விட்டபின்னும் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். மெக்கின்டாஷ் கணினியில் அழகிய எழுத்துருக்கள் வந்ததற்கு அதுவே காரணம் என்று 2005இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் சொன்னார். ஆனால் 1984இன் முதல் மெக்கின்டாஷில் இத்தாலிக் என்பது புள்ளிகளை வரிவரியாகத் தள்ளிச் சாய்க்கும் ஒரு கணக்கு. சாய்வுப் பொத்தான் என்ற பழக்கம் அங்கிருந்து எல்லாக் கணினிகளுக்கும் பரவியது.

தமிழுக்கும் அந்தப் பொத்தான் வந்து சேர்ந்தது. தமிழ் அச்சு வளர்ந்த வழியில் இத்தாலிக் என்ற இணையெழுத்து இல்லை. நூல் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுவது, அழுத்த வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவது என்பதே நம் வழக்கம். பொத்தானை அழுத்தினால் துணைக்காலும் ‘ட’வும் ‘ப’வும் விழப்போவதுபோல் நிற்கின்றன, ‘ழ’வின் சுழிப்பும் ‘ஞ’வின் வளைவும் நசுங்குகின்றன. பொத்தானுக்குத் தெரிந்தது சாய்வு மட்டுமே. நம் தாத்தாக்களின் கடிதங்களிலும் கணக்குப் பேரேடுகளிலும் ஓடிய தமிழ்க் கூட்டெழுத்து அதற்குத் தெரியாது.

இத்தாலிக்கின் இத்தனை காலங்களையும் தன் கையால் தொட்டவர் மேத்யூ கார்ட்டர். அவருடைய தந்தை ஹாரி கார்ட்டர், ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகத்தின் பழைய பஞ்சுகளை அடையாளம் கண்டு பட்டியலிட்ட அறிஞர்களில் ஒருவர். மகன் 1950களில் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் எஃகில் பஞ்ச் வெட்டக் கற்றார். 1978இல், ஒளியச்சுக் காலத்தில், கிரான்ஜோனின் எழுத்துகளை வைத்து கேலியார்ட் என்ற எழுத்தை வரைந்தார். ஒளியச்சில் ஈயக் கட்டை இல்லை. முறிவதற்கு கெர்னும் இல்லை. ஆகவே அதன் இத்தாலிக் கிரான்ஜோனுடையதைப் போலவே கூர்மையாகத் துள்ளுகிறது. 1996இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக வெளியிட்ட ஜார்ஜியாவும் அவருடையதே. அன்றைய கணினித் திரையில் ஒரு சிற்றெழுத்தின் உயரத்துக்குக் கிடைத்தவை சில புள்ளிகள்தான். கார்ட்டர் முதலில் புள்ளிகளில் எழுத்தை அமைத்து, பிறகு அதற்கேற்ற கோட்டு வடிவை வரைந்தார். அவ்வளவு நெருக்கடியிலும் நேரெழுத்தைச் சாய்த்து வேலையை முடிக்கவில்லை. ஜார்ஜியாவின் இத்தாலிக்கில் ‘ஏ’ ஒற்றை வளையம். ‘எஃப்’ வரிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது.